ஒற்றை நட்சத்திரம் விழுந்துவிட்டது: காசு கொடுத்து மதிப்புரை வாங்கலாமா?

காவேரிப்பட்டணம்_கட்டுநர் · அக்டோபர் 12, இரவு 9.40

வணக்கம். 14 ஆண்டுகளாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். மெட்டீரியலோடு ஒப்பந்தமும் உண்டு, லேபர் மட்டும் என்றாலும் செய்வேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்கா மகன் கூகுள் மேப்பில் என் பெயரைப் பதிந்து கொடுத்தான். 11 பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். போன வாரம் பன்னிரண்டாவது மதிப்புரை வந்தது. ஒற்றை நட்சத்திரம். அப்படியே தருகிறேன்:

"மழை வந்தால் பூஜை அறையில் சாமிக்குத் தானாக அபிஷேகம் நடக்கிறது. கான்ட்ராக்டர் போன் எடுப்பதில்லை."

பர்கூர் பக்கம் போன ஆண்டு முடித்த வீடு. அவர் மூன்று முறை அழைத்தது உண்மை. அன்று ஊத்தங்கரையில் தளம் போட்டுக்கொண்டிருந்தேன். கலவை இயந்திரம் ஓடும்போது போன் அடிப்பது எங்கே கேட்கும்? மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன், மறந்துவிட்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் தேன்கனிக்கோட்டை அருகே பண்ணை வீடு கட்ட என்னிடம் பேசி முடித்திருந்தார். முன்பணம் தருகிற நாளில் "வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்" என்று செய்தி அனுப்பிவிட்டார். அந்த அபிஷேகத்தைப் படித்திருப்பார்.

இப்போது ஓர் ஏஜெண்ட் அழைக்கிறார். 6,000 ரூபாய்க்கு 50 ஐந்து நட்சத்திரங்கள், ஒரே வாரத்தில் என்கிறார். வாங்கிவிடலாமா? அல்லது அந்த ஒற்றை நட்சத்திரத்தை நீக்க வழி இருக்கிறதா?

நிலைவாசல் · அக்டோபர் 12, இரவு 10.05

தம்பி, வாங்கிவிடுங்கள். தருமபுரி நான்கு ரோட்டில் நின்று கல்லை எறிந்தால், மதிப்புரை வாங்கிய கடையின் பெயர்ப்பலகை மேல்தான் விழும். நேர்மையாக இருந்தால் நேர்மையாகவே உட்கார்ந்திருக்கலாம். வேலை வராது.

வெள்ளையடிப்பு · அக்டோபர் 12, இரவு 10.11

6,000 ரூபாயா? எனக்கு 4,500 சொன்னார்கள்.

வழக்குக்கட்டு · அக்டோபர் 13, காலை 7.20

கிருஷ்ணகிரியில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் மேசைக்கு வரும் கட்டுகளில் வீட்டு ஒப்பந்தத் தகராறும் உண்டு என்பதால் சொல்கிறேன். வாங்காதீர்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் "விளம்பரம்" என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, இணையம் என்று எதன் வழியாகச் செய்தாலும் விளம்பரம்தான். பரிந்துரையும் அதில் அடக்கம். புகையைக்கூட விடவில்லை, உங்கள் நட்சத்திரத்தை விடுவார்களா? வீட்டையே பார்க்காத ஒருவர் "அருமையான வேலை" என்று காசுக்கு எழுதினால் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதிட எதிர்த்தரப்புக்கு அதிக நேரம் ஆகாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

மின்வணிக விதிகள் 2020 என்று தனியாக ஒன்று உண்டு. விற்பவர் தானே நுகர்வோர் வேடம் போட்டுத் தன் பொருளுக்கோ சேவைக்கோ மதிப்புரை எழுதக் கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. அது இணையச் சந்தைகள் வழியாக விற்பவர்களுக்கானது. வீட்டுவேலைச் செயலிகளில் பதிந்திருக்கும் பிளம்பர், பெயிண்டர் எல்லாம் அதற்குள் வருவார்கள். கூகுள் மேப்பில் மட்டும் பெயர் வைத்திருக்கும் கொத்து வேலைக்காரருக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. ஆனால் மேலே சொன்ன சட்டம் எல்லோருக்கும் பொது.

இன்னொன்று. அந்தப் பர்கூர்க்காரர் ஒற்றை நட்சத்திரத்தோடு விட்டாரே என்று மகிழுங்கள். வீடு கட்டிக் கொடுப்பது சட்டத்தின்படி "சேவை". இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத் தொகை 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 1,000 ரூபாய்தான். வழக்கறிஞரே வேண்டாம், அவரே வந்து நிற்கலாம்.

காவேரிப்பட்டணம்_கட்டுநர் · அக்டோபர் 13, காலை 8.02

ஐயா, காலையில் வயிற்றைக் கலக்கிவிட்டீர்கள்.

அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டால் பயந்து நீக்கிவிடுவார் என்று என் மச்சான் சொல்கிறான். அது சரிவருமா?

வழக்குக்கட்டு · அக்டோபர் 13, காலை 8.15

அவர் எழுதியதில் பொய் எது? ஒழுகுகிறது என்கிறார், போன் எடுக்கவில்லை என்கிறார். இரண்டாவதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். உண்மையைச் சொன்னவருக்கு நோட்டீஸ் விட்டால், அந்த நோட்டீஸைப் படம் பிடித்து மதிப்புரைக்குக் கீழே ஒட்டிவிடுவார். பிறகு அபிஷேகத்தோடு கற்பூர ஆரத்தியும் நடக்கும்.

உங்களிடம் வேலையே வாங்காத ஒருவர், போட்டிக்காரரின் ஆள், வீட்டைப் பற்றிப் பேசாமல் வசைபாடுகிறவர் என்றால் கூகுளிடம் புகார் செய்யலாம், பார்த்து நீக்குவார்கள். பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நீக்க மாட்டார்கள்.

மத்திகிரிக்காரன் · அக்டோபர் 13, மதியம் 1.30

நான் கட்டுநர் இல்லை. ஓசூரில் ஆலை வேலை, மத்திகிரியில் வீடு. வாங்கிய நட்சத்திரத்தை நம்பி ஏமாந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் தேர்ந்தெடுத்தவருக்கு 4.9 இருந்தது. எழுபது சொச்சம் மதிப்புரைகள். "நல்ல வேலை", "மிக நல்ல சேவை", "அருமை" என்று இரண்டு சொல்லுக்கு மேல் யாரும் எழுதவில்லை. சுருக்கமாகப் பேசும் மனிதர்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு முடிந்த பிறகுதான் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதே ஆள் அதே வாரத்தில் ஜெய்ப்பூரில் பல் மருத்துவமனைக்கும் சூரத்தில் டயர் கடைக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். ஓசூரில் வீடும் கட்டியிருக்கிறார். பெரிய குடும்பஸ்தர்.

எங்கள் மாடிப்படி முதல் படி ஆறரை அங்குலம். மேலே போகப் போகக் கணக்குத் தப்பி, கடைசிப் படி எட்டரை அங்குலத்தில் முடிந்தது. இடித்துக் கட்டச் சொன்னேன், டைல்ஸ் ஒட்டிச் சரிக்கட்டலாம் என்றார். சரிக்கட்டவில்லை. கால் ஒரு கணக்குப் போட்டு ஏறிக்கொண்டே வரும், கடைசியில் அந்தக் கணக்கு தப்பும். என் அம்மா இன்றைக்கும் அந்தப் படியில் தடுக்குகிறார். ஒவ்வொரு முறையும் "முருகா" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 4.9 நினைவுக்கு வருகிறது.

காவேரிப்பட்டணத்தாரே, உங்கள் 50 நட்சத்திரம் இன்னொரு வீட்டு அம்மாவின் படிக்கட்டாக ஆகலாம். கோபப்படாதீர்கள்.

நிலைவாசல் · அக்டோபர் 13, மாலை 6.50

படிக்கட்டுக் கதை சங்கடமாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

கிரகப்பிரவேசத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு "உங்களைப் போல் உண்டா" என்பார்கள். வேட்டி துண்டு மரியாதையும் நடக்கும். அந்தச் சொல்லை அப்படியே இணையத்தில் எழுதுங்கள் என்றால் "கட்டாயம்" என்பார்கள். அந்தக் கட்டாயம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. 22 ஆண்டில் எத்தனை வீடு! தானாக எழுதியவர் ஆறு பேர். அதில் நான்கு பேர் திட்டுவதற்கு எழுதினார்கள். மகிழ்ச்சியாக இருப்பவன் தூங்கிவிடுகிறான், கோபமாக இருப்பவனுக்குத்தான் இரவு ஒரு மணிக்கு விரல் ஓடுகிறது. இதற்கு உங்கள் சட்டத்தில் என்ன வழி?

அரூர்_கணக்குப்பிள்ளை · அக்டோபர் 13, இரவு 9.15

நிலைவாசல் அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நாம் கேட்கும் நேரம் தவறு.

என் கணவர் வேலையைப் பார்க்கிறார், கணக்கு வழக்கும் வாடிக்கையாளர் பேச்சும் என் பொறுப்பு. ஆரம்பத்தில் நானும் கிரகப்பிரவேசத்தன்றுதான் கேட்டேன். அன்று வீட்டுக்காரருக்கு மொய் நோட்டும் பந்தியும்தான் கண்ணில் இருக்கும். பிறகு கடைசி பில் கொடுக்கும் நாளில் கேட்டுப் பார்த்தேன். அது இன்னும் மோசம். 40,000 ரூபாய் பாக்கியை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிப்பவரிடம் நட்சத்திரம் கேட்டால், நட்சத்திரத்துக்கு 10,000 தள்ளுபடி கேட்கிறார்.

இப்போது முதல் மழைக்குப் பிறகு கேட்கிறேன். கோடையில் முடித்த வீடாக இருந்தாலும் ஒரு நல்ல மழை பெய்யட்டும். மறுநாள் போன் செய்வேன். "தளம், சன்ஷேடு, ஜன்னல் ஓரம் எங்காவது ஓதம் தெரிகிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் ஆள் அனுப்புவேன். அதன் பிறகு இருவருக்கும் ஒரே செய்தி, ஓதம் வந்தவருக்கும் வராதவருக்கும்:

"உங்கள் வீட்டு வேலை பற்றி மற்றவர்கள் தெரிந்துகொள்ள ஒரு மதிப்புரை எழுத முடியுமா? எந்த ஊர், என்ன வேலை, எத்தனை மாதம் ஆனது, எது நன்றாக வந்தது, எதில் தாமதம் அல்லது குறை என்று உங்களுக்குத் தோன்றியபடி எழுதுங்கள். எத்தனை நட்சத்திரம் என்பது உங்கள் விருப்பம்."

கீழே இணைப்பு. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் தொந்தரவு செய்வதில்லை. பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர், சில சமயம் நான்கு பேர் எழுதுகிறார்கள்.

வெள்ளையடிப்பு · அக்டோபர் 13, இரவு 9.32

குறையையும் எழுதச் சொல்கிறீர்களா! அக்காவுக்குத் துணிச்சல்.

அரூர்_கணக்குப்பிள்ளை · அக்டோபர் 13, இரவு 9.41

துணிச்சல் இல்லை தம்பி, வியாபாரம். "கதவு வர இரண்டு வாரம் தாமதம், மற்றபடி திருப்தி" என்று ஒருவர் எழுதினார், நான்கு நட்சத்திரம். அதைப் படித்துவிட்டுப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்தவர் முதல் வார்த்தையே "கதவை முன்னாடியே சொல்லி வைத்துவிடுவோம்" என்றார். பேரத்தில் பாதி அங்கேயே முடிந்தது.

ஒரு தவறும் செய்திருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு, மதிப்புரை எழுதுவோருக்குச் சமையலறைக் குழாய் ஒன்று இலவசம் என்று அறிவித்தேன். ஏழு பேர் எழுதினார்கள். ஏழும் ஐந்து நட்சத்திரம். குழாய் ஐந்து நட்சத்திரத் தரமானது என்று புரிந்தது.

வழக்குக்கட்டு · அக்டோபர் 13, இரவு 10.08

அக்கா, குழாயை நிறுத்தியது நல்லது. பணம், தள்ளுபடி, இலவசப் பொருள் எதுவானாலும் அதற்காக எழுதிய மதிப்புரையைக் கூகுள் ஏற்பதில்லை. நல்லது மட்டும் எழுதுவார்கள் என்று தெரிந்தவர்களைப் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் அவர்கள் விதிப்படி தவறு. "திருப்தியா?" என்று முதலில் கேட்டு, ஆம் என்றவருக்கு மட்டும் இணைப்பு, இல்லை என்றவருக்கு "மன்னிக்கவும்" என்று அனுப்புகிற வேலையைச் சில விளம்பர நிறுவனங்கள் சாமர்த்தியமாக விற்கின்றன. மாட்டினால் சில காலத்துக்குப் புதிய மதிப்புரை வராமல் பக்கத்தைப் பூட்டலாம், பழையதை மறைக்கலாம், "போலி மதிப்புரைகள் நீக்கப்பட்டன" என்று எச்சரிக்கைப் பலகையும் தொங்கவிடலாம். ஒற்றை நட்சத்திரத்தைவிட அந்தப் பலகை பெரிது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரம் வெளியிட்டது. ஐ.எஸ். 19000:2022. காசு கொடுத்து வாங்கியது, ஆள் வைத்து எழுதியது எதையும் வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். இப்போதைக்கு விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதுதான். சொந்த வலைத்தளத்தில் வாடிக்கையாளர் கருத்து போடுகிறவர்கள் ஒருமுறை படிக்கலாம். நல்லதை மட்டும் பொறுக்கிப் போட்டு, அதுதான் மொத்தம் என்று காட்டுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய.

பாலக்கோட்டான் · அக்டோபர் 14, காலை 6.10

பாலக்கோடு பூர்வீகம், இப்போது டல்லாஸ். என் வீட்டுக் கூரையை மாற்றிய ஒப்பந்ததாரர் வேலை முடிந்ததும் ஓர் அட்டை கொடுத்துவிட்டுப் போனார். எத்தனை நட்சத்திரம் என்று பேசவே இல்லை. ஏன் என்று தேடினேன். இங்கே அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. போலி மதிப்புரை விற்பது, வாங்குவது, நல்லதாக எழுதினால்தான் பரிசு என்பது, உரிமையாளரோ ஊழியரோ தான் யார் என்று சொல்லாமல் எழுதுவது, மிரட்டி நீக்க வைப்பது எல்லாம் தடை. ஒரு மீறலுக்கே 50,000 டாலருக்கு மேல் அபராதம் போகலாம். "எங்களைப் பற்றி மோசமாக எழுதக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் வரி சேர்ப்பது 2016-ல் வந்த ஒரு சட்டப்படி இங்கே செல்லாது.

வழக்குக்கட்டு · அக்டோபர் 14, காலை 8.30

அந்த வரியை இங்கேயும் ஒருவர் இருபது ரூபாய் பத்திரத்தில் சேர்த்துக் கொண்டுவந்தார். நம் சட்டத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று ஒரு பிரிவு இருக்கிறது, மாநில ஆணையத்தில் அதை வைத்து வாதிடலாம் என்று எங்கள் ஐயா சொன்னதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நிலைவாசல் · அக்டோபர் 14, இரவு 11.20

சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வரவில்லை.

வாங்கச் சொன்னேனே, நான் வாங்கியவன். போன ஆண்டு 40 வாங்கினேன். முதல் மாதம் நன்றாக இருந்தது. மூன்றாவது மாதம் 26 காணாமல் போய்விட்டன, கூகுள் துடைத்துவிட்டது. ஏஜெண்டிடம் கேட்டேன். "பராமரிப்புக் கட்டணம் மாதம் 1,500" என்றார். தர மாட்டேன் என்றேன். அந்த வாரமே ஒரே இரவில் நான்கு ஒற்றை நட்சத்திரம். பெயர்களைப் பார்த்தால் நம் பக்கத்து ஆட்களே இல்லை. யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வது? "நான் காசு கொடுத்து வாங்கிய கூட்டம் இப்போது என்னையே அடிக்கிறது" என்றா? மூன்று மாதம் கட்டணம் கொடுத்தேன். பிறகு போனை மாற்றினேன்.

தம்பி, நான் முதலில் சொன்னதை மறந்துவிடுங்கள்.

நெறியாளர் · அக்டோபர் 15, காலை 9.00

இந்த இழையில் ஒருவர் ஏஜெண்டின் போன் எண்ணைப் பதிந்திருந்தார், நீக்கிவிட்டோம். திட்டுவதற்காகப் பதிந்தாலும் எண் எண்தான். இரண்டு பேர் அதற்குள் அழைத்து விலை கேட்டுவிட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

வெள்ளையடிப்பு · அக்டோபர் 15, காலை 9.04

நான் இல்லை.

ஒரு சந்தேகம். பென்னாகரம், ஏரியூர் பக்கம் என் வாடிக்கையாளர்களில் பலருக்கு எழுத்து பழக்கமில்லை. போன் இருக்கிறது, மதிப்புரை எங்கே எழுதுவது என்று தெரியாது. "நீயே எழுதிக்கொள் தம்பி" என்று போனைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் எழுதலாமா?

வழக்குக்கட்டு · அக்டோபர் 15, காலை 10.40

போன் அவருடையது, சொல் உங்களுடையது என்றால் அது உங்கள் மதிப்புரைதான். இடத்தைத் திறந்து காட்டுங்கள். மைக் பொத்தானை அழுத்தி அவர் வாயால் சொல்லட்டும். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எழுத்து தானாக வரும். நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு முகத்தைப் பார்த்தால் எந்தப் பெரியவரும் குறை சொல்ல மாட்டார்.

காவேரிப்பட்டணம்_கட்டுநர் · அக்டோபர் 19, இரவு 8.45

பர்கூர் போய்வந்தேன்.

முதலில் போனில் அழைத்தேன். எடுத்தவர் "யார்?" என்றார். என் பெயரைச் சொன்னேன். "ஓ, எடுக்கத் தெரியுமா?" என்றார். பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

மேஸ்திரியையும் அழைத்துப் போயிருந்தேன். மாடியில் மழைநீர்க் குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, அந்த மூலையில் செங்கல் வைத்துப் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். கீழே பூஜை அறையில் போய் நின்றேன். அவர் அம்மா விளக்குக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தூக்கை வைத்திருந்தார். சொட்டுத் தண்ணீர் பிடிப்பதற்கு. வைத்து வைத்துத் தரையில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. "பார்த்தீர்களா, ஒழுகவில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். பெருமாள் படத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு மெல்ல நிறம் மாறியது. தேநீர் சிந்திய துணி போல விரிந்தது. பிறகு ஒரு சொட்டு, நேராகத் தூக்குக்குள்.

மேலே போய்க் குழாய் வாயைச் சுற்றி உளியால் தட்டிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் சரிவாகப் பூசுகிற பட்டை அந்த இடத்தில் மட்டும் இல்லை. குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் விரல் நுழைகிற சந்து. மேலே தட்டு ஓடு ஒட்டி மூடியிருக்கிறது. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அன்று சனிக்கிழமைங்க" என்றார். சனிக்கிழமை என்றால் சம்பள நாள். ஐந்து மணிக்கு மேல் கரணை யார் கையிலும் நிற்காது. என் தவறுதான், அன்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் வேலை. தட்டு ஓடு பெயர்த்து, சந்தை அடைத்து, பட்டை போட்டு, மேலே நீர்த்தடுப்புப் பூச்சும் கொடுத்தோம். காசு வாங்கவில்லை. மதிப்புரை பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் பேசவில்லை. அம்மா மட்டும் மோர் கொடுத்தார்.

இப்போது அந்த மதிப்புரைக்குக் கீழே பதில் எழுத வேண்டும். இப்படி எழுதி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்:

"ஐயா, உங்கள் வீட்டில் குழாய் அருகே இருந்த சிறு குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. நீங்கள் இன்னும் 35,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தும் இலவசமாகச் செய்து கொடுத்தோம் என்பதை எல்லோரும் அறிய வேண்டும்."

அரூர்_கணக்குப்பிள்ளை · அக்டோபர் 19, இரவு 9.00

ஐயோ அண்ணா. இரண்டு நாள் உழைப்பை இரண்டாவது வரியில் கொட்டிவிட்டீர்கள்.

வழக்குக்கட்டு · அக்டோபர் 19, இரவு 9.12

பாக்கியை எழுதாதீர்கள். வாடிக்கையாளர் நம்பிச் சொன்ன சொந்த விவரத்தை வெளியிடுவது முறையற்ற வணிகப் பழக்கம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பாக்கித் தொகை அதில் வருமா வராதா என்று வாதிடலாம், ஆனால் அந்த வாதத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? வீட்டுப் படம், கதவு எண், போன் எண் எதுவும் கேட்காமல் போடாதீர்கள். கூடவே, ரசீது கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. அவருக்கு எல்லாத் தவணைக்கும் ரசீது கொடுத்தீர்களா?

காவேரிப்பட்டணம்_கட்டுநர் · அக்டோபர் 19, இரவு 9.30

முதல் மூன்று தவணைக்குக் கொடுத்தேன்.

(நாளை மற்றதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.)

மத்திகிரிக்காரன் · அக்டோபர் 19, இரவு 9.48

பதிலைப் படிக்கப் போவது அவர் இல்லை, என்னைப் போல் அடுத்து வீடு கட்டப் போகிறவன். எனக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான்: என்ன குறை, எப்போது போனீர்கள், என்ன செய்தீர்கள். "சிறு குறை" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். தூக்கு வைத்துத் தண்ணீர் பிடித்த வீட்டில் அது சிறிதில்லை.

காவேரிப்பட்டணம்_கட்டுநர் · அக்டோபர் 20, காலை 7.15

இப்படிப் போட்டுவிட்டேன்:

"நீங்கள் சொன்னது சரி. மழைநீர்க் குழாய் அருகே பூச்சு விடுபட்டிருந்தது, அது எங்கள் தவறு. அக்டோபர் 16, 17 தேதிகளில் வந்து சரிசெய்தோம். போன் எடுக்காததற்கு மன்னிக்கவும். அடுத்த மழைக்குப் பிறகு நானே அழைத்துக் கேட்கிறேன்."

இன்னொரு வேலையும் செய்தேன். அந்த 11 ஐந்து நட்சத்திரத்தில் ஐந்து என் சொந்தக்காரர்கள் போட்டது. மச்சான், சித்தப்பா மகன், அக்கா மகன், அவன் நண்பர்கள் இருவர். யாருக்கும் நான் வீடு கட்டிக் கொடுத்ததில்லை. எடுக்கச் சொல்லிவிட்டேன். மச்சான் இரண்டு நாளாகப் பேசுவதில்லை.

காவேரிப்பட்டணம்_கட்டுநர் · நவம்பர் 9, இரவு 8.20

மூன்று மழை ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் அழைத்தேன். மூன்றாவது முறை அவர் சிரித்துவிட்டார். நேற்று மதிப்புரையை அவராகவே திருத்தியிருக்கிறார். மூன்று நட்சத்திரம்.

"ஓதம் நின்றுவிட்டது. தவறை ஒப்புக்கொண்டு வந்து சரிசெய்தார். முதல் அழைப்பிலேயே போன் எடுத்திருந்தால் என் அம்மா இருபது நாள் தூக்கு வைத்திருக்க வேண்டாம்."

மூன்றுதானா என்று முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மத்திகிரிக்காரன் · நவம்பர் 9, இரவு 8.34

இதைப் படித்திருந்தால் நான் உங்களைத்தான் அழைத்திருப்பேன். படிக்கட்டும் ஒழுங்காக இருந்திருக்கும்.

வெள்ளையடிப்பு · நவம்பர் 9, இரவு 8.50

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு சொந்தக்காரர்களோடு 12 மதிப்புரைக்குச் சராசரி 4.7. இப்போது அவர்கள் இல்லாமல் ஏழுக்கும் 4.7. உங்கள் மச்சானுக்குத்தான் வீண் அலைச்சல்.

நிலைவாசல் · நவம்பர் 16, இரவு 10.30

அரூர் அம்மாவின் செய்தியை எடுத்து, முடித்த வீடுகளில் 17 பேருக்கு அனுப்பினேன். சூளகிரிப் பக்கத்தவர்களுக்கு என் மருமகள் தெலுங்கில் எழுதிக் கொடுத்தாள். இதுவரை நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். 22 ஆண்டில் ஆறு, இரண்டு வாரத்தில் நான்கு.

மூன்று பேர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். நாலாமவர் காரிமங்கலத்துக்காரர், ஆறு ஆண்டுக்கு முன் கட்டிய வீடு. நான்கு நட்சத்திரம். சிமெண்ட் மூட்டை இறக்கும்போது என் ஆட்கள் அவர் வைத்திருந்த கொய்யாச் செடியை முறித்துவிட்டார்களாம். வீட்டைப் பற்றி ஒரு வரி, செடியைப் பற்றி ஐந்து வரி. ஆறு ஆண்டாக ஒரு சொல் சொன்னதில்லை மனிதர்.

நாளை அந்தப் பக்கம் போகிறேன். நல்ல கொய்யாக் கன்று எங்கே கிடைக்கும்?

அரூர்_கணக்குப்பிள்ளை · நவம்பர் 16, இரவு 10.41

முதலில் போன் செய்து எந்த ரகம் என்று கேளுங்கள் அண்ணா. வெள்ளையா, சிவப்பா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.